காய்ந்த சுவரில் வல்புர்கா

போன பனிக்காலத்தில் வல்புர்காவைப் புதைத்தோம். குழிக்குப் பக்கத்தில் நின்று பாதிரியார், "யார் பேரிலும் பொறாமை இல்லாத உத்தமி" என்று சொன்னபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கினால் எனக்கு இருமலாகத்தான் வரும். அவர் ஊருக்குப் புதுசு, பாவம். தெரியாமல் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரியும். நான் உர்சுலா, கொத்தனார் ரூபர்ட்டின் மனைவி. எங்கள் வீட்டுக்கும் கசாப்புக்கடைக்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் என் புருஷன் கட்டின சுவர். எதையும் மறைக்கத் தெரியாத சுவர். வல்புர்கா அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் என் அடுப்பு அணையும். லீயன்ட்ஸ் ஊரில் அவளைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது.

பொறாமை சிலருக்கு வயது ஏற ஏற வரும். இவளுக்குப் பல் முளைக்கும் முன்பே வந்துவிட்டது. இசெல் ஆற்றுப் பாலத்தில் சுங்கம் வாங்குகிறவரின் ஒரே மகள். சின்ன வயதில் அஃப்ராவுக்கு முதல் பல் விழுந்தது என்று கேட்டு, தன் பல்லைத் தானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, ரத்தத்தோடு கொண்டுவந்து காட்டினாள். கல்யாணமாகி என் பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே புத்திதான். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரே இருமல்" என்று நான் சொன்னால், "இருமல் என்ன இருமல்? எங்க வீட்டுக்காரருக்கு ரத்தமே வருது" என்பாள். அவள் புருஷன் கஸ்பர் அப்போது ஒரு முழுக் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்துகொண்டிருப்பான்.

இந்த அஃப்ரா யார் என்று சொல்ல வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கோழி வளர்க்கிற வீட்டுப் பெண். வல்புர்காவோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவள், ஒன்றாக வளர்ந்தவள். முதுகுக் கூடையில் முட்டையை அடுக்கி ஊருக்குள் கொண்டுவந்து விற்பாள். அழகி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவள் போனால் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கே எரிச்சலாக இருக்கும். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் சிறுவயதில் கதவிடுக்கில் மாட்டி வளைந்து போயிருந்தது. கடவுள் ஒரு குறையாவது வைத்தாரே என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

கஸ்பர் அப்போது கசாப்புத் தொழில் கற்று முடித்த வாலிபன். அவன் அஃப்ராவிடம் முட்டை வாங்குவான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தவக்காலத்திலும் வாங்கினான். தவக்காலத்தில் லீயன்ட்ஸில் எவன் முட்டை தின்பான்? பாதிரியார் கண்ணில் பட்டால் தோலை உரித்துவிடுவார். ஊரே முள்ளங்கியும் கூழுமாகக் கிடக்க, இவன் மட்டும் தினம் பாலம் தாண்டிப் போய் முட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கினதை என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது.

இதைப் பார்த்தாள் வல்புர்கா. அதற்கு முன்னால் கஸ்பரை அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அஃப்ரா பக்கம் ஒருவன் போகிறான் என்று தெரிந்ததும் அவனில்லாமல் இருக்க முடியாது என்று அப்பாவிடம் அழுதாள். சுங்கக்காரருக்கு ஆற்றோரத்தில் வெட்டுக்கொட்டகை வைக்க இடம் இருந்தது. கசாப்புக்காரனுக்கு ஆற்றோர இடம் என்றால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கஸ்பரின் அப்பா சரி என்றார், கஸ்பர் தலையாட்டினான். அவ்வளவுதான் கல்யாணம். அஃப்ரா கட்டிக்கொள்ளவே இல்லை. நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏண்டி இப்படியே இருக்கே? எவனையாவது கட்டிக்கிறதுதானே?"

"கோழிக்கு யாரு தீனி போடுவா?" என்றாள்.

வாரத்துக்கு ஒருநாள் கசாப்புக்கடைக்கும் முட்டை கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு யார் மேலும் பொறாமை கிடையாது என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் கேட்டாலே வல்புர்காவுக்கு வயிறு எரியும்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு மேலே மலைமேல் இருக்கிற கோட்டையில் கோர்ட்ஸ் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சந்தைக்கு உரிமை கொடுத்தது அவர்கள். மதில் கட்டியது அவர்கள். வரி போட்டு உயிரை எடுத்ததும் அவர்கள்தான். எங்கள் காலத்துப் பிரபுவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவரோடு குலம் முடியும் என்று சந்தையில் மீன் விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். அவர் கோட்டைக் கோவிலில் படம் எழுத யோடோக் என்ற ஓவியரை வரவழைத்தார். மாதா தன் நீலப் போர்வையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அதன் கீழே முன்வரிசையில் பிரபுவும் சீமாட்டியும் மண்டியிட்டிருக்கிறார்கள். வழக்கமாக அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த இடம் காலி.

"எனக்குப் பின்னால் மண்டியிடப் பிள்ளை இல்லை. என் ஊர் மண்டியிடட்டும்" என்று சொல்லிவிட்டாராம் பிரபு.

அன்றைக்குப் பிடித்தது ஊருக்குப் பைத்தியம். போர்வைக்குக் கீழே இருக்கிறவர்களுக்காக வருஷா வருஷம் பூசை, உலகம் உள்ளவரை. செத்த பிறகும் பேர் நிற்கும். யார் யார் என்று முடிவு செய்வது கோட்டை மணியக்காரர். அவர் வீட்டுக்குப் போன தொத்திறைச்சியையும் வெண்ணெயையும் வைத்து ஒரு படையைப் பட்டினி இல்லாமல் மலை தாண்டிக் கூட்டிப் போகலாம். கோட்டைக்கு இறைச்சி போடுகிறவன் பெண்டாட்டி என்பதால் வல்புர்காவுக்கு இடம் கிடைத்தது, அதுவும் சீமாட்டிக்கு நேர் பின்னால். எனக்கு? சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவனே என் புருஷன். அவன் பெண்டாட்டிக்கு ஒரு மூலையில்கூட இடமில்லை. நான் அன்று இரண்டு சட்டியை உடைத்தேன், கைதவறி இல்லை.

சுவர்ப் படம் எப்படி எழுதுவார்கள் என்றால், காலையில் ரூபர்ட் அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் சுண்ணாம்பு பூசுவான். அது ஈரமாக இருக்கும்போதே ஓவியர் வர்ணம் வைத்து முடித்துவிட வேண்டும். மாதாவின் நீலம் மட்டும் ஈரச் சுண்ணாம்பில் கெட்டுவிடுமாம். அதைச் சுவர் காய்ந்த பிறகு முட்டை மஞ்சளில் குழைத்துப் போடுவார்கள். அதற்குத்தான் அஃப்ரா தினம் முட்டை கொண்டுபோனாள்.

வல்புர்காவின் முறை வந்த நாளில் அவள் விடியும் முன்பே எழுந்துவிட்டாள். எழுந்தும் என்ன? புருவத்தை வழித்தாள். கன்னத்தைக் கிள்ளிச் சிவப்பாக்கினாள். தன் முக்காடு பழசாகத் தெரிகிறது என்று தட்டார் வீட்டுக்கு ஓடி, அந்த அம்மாவின் மடிப்பு முக்காட்டைக் கெஞ்சிக் கேட்டாள். அந்த அம்மாவுக்கோ படத்தில் இடம் கிடைக்காத ஆத்திரம். சாவி காணோம், பெட்டி திறக்கவில்லை என்று இழுத்தடித்தாள். மேலே கோவிலில் நடந்ததை ரூபர்ட் வந்து சொன்னான்.

"எங்கய்யா அந்தக் கசாப்புக்கடை அம்மா?" என்று யோடோக் கேட்டாராம்.

"வருவாங்க."

"வருவாங்க வருவாங்கன்னா சுண்ணாம்பு காத்திருக்குமா? தொட்டுப் பாரு, இறுகிட்டு வருது." அப்போதுதான் அஃப்ரா கூடையோடு உள்ளே வந்திருக்கிறாள். "ஏம்மா, நீ சும்மாத்தானே நிக்கிறே? இந்தத் தொட்டி மேல உக்காரு."

"நானா? நான் முட்டை குடுக்க வந்தேன்."

"முட்டையக் கீழ வை. மூஞ்சிய மேல தூக்கு."

வல்புர்கா மூச்சிரைக்க மலையேறி, தட்டார் வீட்டு முக்காடு தலையில் ஆட, கோவிலுக்குள் நுழைந்தபோது யோடோக் அஃப்ராவின் வளைந்த சுண்டுவிரலை எழுதிக்கொண்டிருந்தார்.

"அது என் இடம்" என்றாள் வல்புர்கா.

"சுவர் குடிச்சிருச்சும்மா. இனி நான் நெனச்சாலும் திருப்பி வாங்க முடியாது."

அஃப்ரா எழுந்து, "வேணும்னு உக்காரல, வல்புர்கா. கூப்பிட்டாங்க, உக்காந்தேன்" என்றாள். அதைக் கேட்டதும் வல்புர்காவுக்கு இன்னும் எரிந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

அந்த வருஷம் பரலோக மாதா திருநாளுக்கு, வழக்கம்போல ஊர்ப் பெண்கள் எல்லோரும் மூலிகைக் கட்டோடு, புருஷன்மார் பின்னால் வர, கோட்டைக் கோவிலுக்குப் போனோம். மூலிகையை மந்திரிக்க வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களுக்குக் கோட்டைக் கோவில் திறக்கும். படம் பாதி முடிந்திருந்தது. சீமாட்டிக்குப் பின்னால் அஃப்ரா. நீளக் கழுத்து, பழந்துணி முக்காடு, கூப்பின கை, வளைந்த விரல். உயிரோடு இருப்பது போல என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவள் இப்போது முட்டை விலை சொல்லப்போகிறாள் என்றுதான் தோன்றியது. எல்லோரும் மாதாவைப் பார்த்தார்கள். கஸ்பர் பார்க்கவில்லை. பூசை முழுவதும் அவன் கண் படத்தின் ஓரத்திலேயே நின்றது. அதைப் பார்த்தவள் நான் மட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

"மேல என்ன பாத்தீங்க?"

"மாதாவ."

"மாதா நடுவுல இருக்கா. நீங்க ஓரத்துல பாத்தீங்க."

"கழுத்து வலி."

"ஒரு பக்கமா மட்டும் திரும்புற கழுத்து வலியா? இருக்கட்டும், இருக்கட்டும். வருஷா வருஷம் அங்க போய் அவ மூஞ்சிய நான் கும்பிடணும், நீங்க பக்கத்துல நின்னு ரசிக்கணும். நான் செத்தாலும் அங்க பாடுற பூசை அவளுக்கு. அப்படித்தானே?"

கஸ்பர் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லியிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். சொல்லாததால் பனிக்காலம் முழுவதும் அவள் தூங்கவில்லை, அவளால் நானும் தூங்கவில்லை.

பனி உருகி யோடோக் மூட்டை கட்டுகிற சமயம். ரூபர்ட் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிருந்தான். வல்புர்கா புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றை, முழுசாக, துணியில் சுற்றிக்கொண்டு மலையேறினாள். இதை எனக்கு அவளே பிறகு சொன்னாள், பெருமையாக.

"அந்த எடம் என் பேருக்குக் குடுத்த எடம். ஆள மாத்தினது நீங்க" என்றாளாம் ஓவியரிடம்.

"கொத்திட்டு மறுபடி பூசணும்னா கொத்தனார் வேணும், மணியக்காரர் உத்தரவு வேணும். ஆகாத வேலை." அவர் பன்றித்தொடையை ஒருமுறை பார்த்தார். "மேலாக வேணா எழுதலாம். முகம் மட்டும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்."

"அடியில இருக்கறது தெரியுமா?"

"பொட்டுக்கூடத் தெரியாது. ஆனா முட்டை தீந்துபோச்சே."

கேளுங்கள் கூத்தை. அந்த முட்டையை வாங்க வல்புர்கா நேராக அஃப்ரா வீட்டுக்குத்தான் போனாள்.

"நீயே வந்துட்டியா? சொல்லி விட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே" என்றாளாம் அஃப்ரா.

"பணியாரம் சுடணும். அவசரம்."

"அப்ப இது இப்ப இட்டது, சூடாவே இருக்கு. கூட ஒண்ணும் வெச்சிருக்கேன்."

அந்தக் கூட ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். யோடோக் அதை உடைத்துப் பார்த்து, "நல்ல வெளிர் மஞ்சள். குமரிப் பொண்ணு மூஞ்சிக்கு இதுதான் சரி" என்றாராம். இந்த வார்த்தையை ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்களிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கேட்காதீர்கள். ஓவியர் அவளை நன்றாகவே எழுதினார். மூக்கைக் கொஞ்சம் குறைத்திருந்தார், அது பன்றித்தொடைக்கு. மறுநாள் அவர் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்.

அடுத்த மூலிகைத் திருநாளில் ஊரே பார்த்தது. சீமாட்டிக்குப் பின்னால் வல்புர்காவின் உருண்டை முகம், அஃப்ராவின் நீளக் கழுத்தின் மேல். கூட்டம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டது. என் புருஷன் மட்டும் சுவரை ஒரு தடவை உற்றுப் பார்த்து "ம்" என்றான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன், சிரிக்கவில்லை என்றான். எல்லோரும் அஃப்ராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு வல்புர்கா. என் முக்காடு உனக்கு எடுப்பா இருக்கு" என்றாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கை அஃப்ராவுடையது, வளைந்த விரலும் அப்படியே இருந்தது. ஆனால் வல்புர்காவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவள் கஸ்பரின் இடுப்பில் குத்தினாள்.

"மேல பாருங்க. நான்தான்."

"பாத்தேன், பாத்தேன்."

"எப்போ பாத்தீங்க? குனிஞ்சே நிக்கிறீங்க."

"அதான் தினமும் வீட்ல பாக்குறேனே" என்றான் கஸ்பர்.

அதற்குப் பிறகு எந்த வருஷமும் அவன் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவிலுக்கு வருவான், செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான், போவான். இடத்தைப் பிடித்தாள், பார்வையைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் நிமிர்கிறானா என்று.

நடுவில் ஒரு வருஷம் பெரியம்மை வந்தது. அஃப்ராவைப் படுக்கையில் போட்டுப் புரட்டியது. வல்புர்கா எலும்பு ரசம் வைத்து அனுப்பினாள், உண்மையாகவே அனுப்பினாள். ஜெயித்தவளுக்கு இரக்கம் சுலபமாக வரும். அஃப்ரா பிழைத்தாள். முகம் பிழைக்கவில்லை. உளி வைத்துக் கொத்தின கல் மாதிரி ஆகி, ஒரு கண் இமையும் தொங்கிவிட்டது. முக்காட்டை முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் முட்டை விற்க வந்தாள். கஸ்பர் முட்டையைப் பார்த்தே பேசினான், முகத்தைப் பார்க்கவில்லை. வல்புர்கா என்னிடம், "பாவம்டி" என்றாள். அந்தப் பாவத்தில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு வசந்தகாலத்தில் பிரபு போய்விட்டார். சீமாட்டி முன்பே போயிருந்தாள். வாரிசு இல்லாத குலத்தின் கடைசி ஆள் செத்தால் கேடயத்தைத் தலைகீழாகத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். நீலத்தில் பொன் சிங்கம் போட்ட கேடயம், சிங்கம் மல்லாந்து கிடக்க, தெரு வழியாகப் போனதைப் பார்த்து வரியால் செத்தவர்களும் அழுதார்கள். வல்புர்கா சொந்த அப்பனுக்குக்கூட அப்படிக் கறுப்பு உடுத்தவில்லை.

"நாங்கள்லாம் அவருக்குப் புள்ளைங்க மாதிரிதானே. சுவர்லயே இருக்கோமே" என்றாள் என்னிடம்.

நாங்கள்லாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைப்பானேன்?

ஊர் ராஜாவுக்குப் போயிற்று. அவருடைய அதிகாரி ஒருவர் வந்தார். வந்த வேகத்தில் ஊர் வாசல் சுவரில் எழுதியிருந்த பழைய கோர்ட்ஸ் சிங்கத்தின் மேல் ராஜாவின் செங்கழுகை எழுதச் சொன்னார். எழுதினார்கள். கழுகு ஒரு பனிக்காலம் தாங்கியது. அடுத்த வசந்தத்தில் பனி உருகி ஒழுகியதும் கழுகின் இறக்கை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வயிற்றுக்குள்ளிருந்து பொன் சிங்கம் எட்டிப் பார்த்தது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் வல்புர்கா.

"என்ன ரூபர்ட்டு, கழுகு சிங்கக்குட்டி போட்டுருக்கு?" என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

என் புருஷன் வருஷத்துக்கு ஒருமுறைதான் நீளமாகப் பேசுவான். அன்று பேசினான். "கழுகு முட்டை வர்ணம். காய்ஞ்ச சுவர் மேல ஒட்டிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். சிங்கம் ஈரத்துல எழுதினது. சுண்ணாம்பு குடிச்சுக் கல்லாயிருச்சு. மேல இருக்கறது எப்பவானாலும் உதிரும். அடியில இருக்கறது எங்கயும் போகாது."

"வாய மூடுய்யா, அதிகாரி காதுல விழப்போகுது" என்று நான் அவனை இழுத்தேன். அப்போதுதான் வல்புர்காவின் சிரிப்பு நின்றுவிட்டது தெரிந்தது.

"உர்சுலா" என்று என் கையைப் பிடித்தாள். "முட்டை வர்ணம்னா... எல்லா முட்டை வர்ணமுமா?"

"முட்டைன்னா முட்டைதாண்டி."

அன்றே கோட்டைக்கு ஏறினாள். புதுக் காவல்காரர்கள் உள்ளே விடவில்லை. திருநாளுக்குத்தான் திறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இறைச்சி கொடுத்துப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு அதையே சொன்னார்கள். அந்தக் கோடை முழுக்க அவள் சாப்பிட்டது நாய்க்குப் போதாது. "கோவிலுக்குள்ள மழ வராதுல்ல? வெளிய இருக்கறதுதானே உதிரும்?" என்று ரூபர்ட்டைக் கேட்பாள். அவன் "ம்" என்பான். அவன் "ம்" சொன்னால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். "இந்த வருஷம் போக வேண்டாங்க, ஒடம்பு சரியில்ல" என்று கஸ்பரிடம் சொல்லிப் பார்த்தாள். பூசைக்குப் போகாமல் எப்படி என்றான் அவன்.

திருநாள் வந்தது. மூலிகைக் கட்டோடு ஏறினோம். அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். நானும் அவள் பின்னாலேயே ஓடினேன். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மாதாவின் நீலப் போர்வை அங்கங்கே சொறி பிடித்த மாதிரி உரிந்திருந்தது. அதற்குக் கீழே வல்புர்காவின் தாடை இல்லை. வாய் இல்லை. ஒரு கன்னம் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியும் ஒரு புருவமும் மட்டும் அவளுடையது. மிச்சமெல்லாம் அஃப்ரா. அம்மைக்கு முந்தைய அஃப்ரா, அன்றைக்கு எழுதினது போலவே.

பின்னால் வந்தவர்கள் நிரம்பினார்கள். கஸ்பர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். கூட்டம் முணுமுணுத்ததில் என்னவென்று நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் குனியவில்லை. கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. தவக்காலத்தில் முட்டை வாங்கப் போன அந்த வாலிபன் முகம் அவனுக்குத் திரும்பி வந்திருந்தது. வல்புர்கா இத்தனை வருஷம் ஒவ்வொரு திருநாளும் காத்திருந்த பார்வை அதுதான். அவள் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

பிறகு மூலிகைக் கட்டை வீசிவிட்டுப் பெஞ்சு மேல் ஏறி, இரண்டு கை நகத்தாலும் அஃப்ராவின் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

அஃப்ரா அசையவில்லை. வல்புர்காதான் உதிர்ந்தாள். புருவம் போனது, நெற்றி போனது, ரோஜா நிறத் தூளாக அவளுடைய புதுச் சட்டைக் கையெல்லாம் விழுந்தது. அவள் சுரண்டச் சுரண்ட அஃப்ரா முழுசானாள்.

"வல்புர்கா, இறங்கும்மா" என்று பீடத்திலிருந்து பாதிரியார் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அஃப்ரா வந்தாள். கூட்டம் வழி விட்டது. இன்றைக்கு இவள் நாள், நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள் என்று நினைத்தேன். அவள் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். சுவரில் அவள் கன்னம் ஒரு வடு இல்லாமல் இருந்தது. கீழே அதே கன்னம், அம்மை தின்றது போக மிச்சம். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்கெட்டும் தூரத்தில் நின்ற கஸ்பரைப் பார்த்தாள்.

"கஸ்பர்" என்று கூப்பிட்டாள். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"ம்" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"கஸ்பர், நான் இங்க நிக்கிறேன்."

அவன் திரும்பவில்லை.

அஃப்ராவின் முகத்தில் அப்போது வந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். பக்கத்து வீட்டில் ஆயுசு முழுக்கப் பார்த்த முகம் அது. அஃப்ராவிடம் அதை அதுவரை பார்த்ததில்லை. அவள் இடுப்பிலிருந்த மூலிகை அறுக்கிற கத்தியை எடுத்தாள். முன்துணியில் துடைத்தாள். பிடிப் பக்கத்தை மேலே நீட்டினாள்.

"நகத்தால வராது, வல்புர்கா. இந்தா."

வல்புர்கா குனிந்து வாங்கிக்கொண்டாள். பெஞ்சு ஆடியது. அஃப்ரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.